மண்டபச் சூட்டிலை குழல் ஏறுது, வயலின் இறங்குது: எதைத் திருத்துறது?

குளக்கட்டு:
கிளிநொச்சிப் பக்கம் பாடசாலை மண்டபம், தகரக் கூரை, காலமை பத்து மணி நிகழ்ச்சி. ஆறு வயலின், ரெண்டு செலோ, கீபோட், மேற்கத்தேயக் குழல் ரெண்டு. குளுக்கு எண்ட இசையமைப்பாளரின்ரை ஓர்ஃபே ஒபெராவிலை வாற 'ஆசீர்பெற்ற ஆவிகளின் நடனம்', சைக்கோவ்ஸ்கியின்ரை நட்கிறாக்கர் பலேயிலை வாற மிர்லிற்றன் நடனம். A சுரத்தை 440 ஹேர்ட்ஸிலை வைச்சுச் சுருதி சேர்த்தா அரை மணித்தியாலத்திலை எல்லாம் பிரிஞ்சு போகுது. அதோடை மிர்லிற்றனுக்கு மூண்டு குழல் வேணும். மூண்டாவதுக்கு மூங்கில் குழல் விடலாமோ?

நாலாங்கம்பி:
பிள்ளையளைப் பேசாதேங்கோ, சூடுதான் காரணம். குழலுக்குள்ளை காத்து ஒரு பாகை சூடாக, சுருதி 3 சென்ற் அளவிலை ஏறும் (அரைச்சுரம் 100 சென்ற்). வயலின் கம்பி சூட்டிலை நீண்டு தளரும். அசையாதது கீபோட் ஒண்டுதான், அதைப் பிடியுங்கோ. மாஸ்ரர் ரியூனிங்கை (முழுக் கீபோட்டின்ரையும் சுருதியை) 442க்கு மாத்தினா 8 சென்ற் கிடைக்கும். மிச்சத்துக்குக் குழலின்ரை தலைப்பகுதியை 2, 3 மில்லிமீற்றர் வெளியிலை இழுக்கலாம். நடு A சுரம் மில்லிமீற்றருக்கு 4 சென்ற் போல இறங்கும். கனக்க இழுத்தா மோசம்: துளை எல்லாம் திறந்து வாசிக்கிற C♯ கூட இறங்கும், அடிச் C குறைய இறங்கும், குழல் தனக்குள்ளையே பொருந்தாது. பதினைஞ்சு நிமிசம் ஊதின பிறகுதான் ரியூனரைப் பாருங்கோ. குளிர்ந்த குழலிலை பார்த்த கணக்கு வீண்.

மூங்கில்துளை:
மிர்லிற்றன் D மேஜர், அதாவது ரெண்டு கட்டையிலை சங்கராபரணம். ரெண்டு கட்டைக் குழல் பொருந்தும், ஆனா மூண்டு இடைஞ்சல். மூங்கிலை இழுத்து நீட்டேலாது, உதட்டைத் திருப்பித்தான் இறக்கலாம். எங்கட காதுக்குப் பழகின அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின்ரை 'க') கீபோட் F♯ஐ விட 14 சென்ற் கீழை நிக்கும், மற்ற ரெண்டு குழலோடை சேர அது உறுத்தும். மூண்டாவது, அந்தச் சின்னச் சின்ன வெட்டுச் சுரங்களுக்கு ஒவ்வொண்டுக்கும் துத்துக்காரம் (நாக்காலை வெட்டி ஊதுறது) வேணும், விரலாலை வெட்டினா வழுக்கும். பாதித்துளை (துளையைப் பாதி மூடி வாசிக்கிறது) வாற இடங்களை மற்ற ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுங்கோ.

என்ரை யோசனை, மூங்கிலைக் குளுக்குக்கு வையுங்கோ. அந்த ஒபெராவின்ரை 1774 பாரிஸ் வடிவத்துக்காக எழுதின தனிக் குழல் பகுதி அது, D மைனர், மெதுவான நடை, பாதித்துளைக்கு நேரம் இருக்கு. கமகம் மட்டும் வேண்டாம். ஒரு அசைவு வந்தாலே கீழை வாசிக்கிற வயலின் பிழையாக் கேக்கும்.

குளக்கட்டு:
அப்ப மிர்லிற்றன் மூண்டாவது பகுதிக்கு?

நாலாங்கம்பி:
கீபோட்டிலை குழல் ஒலி வையுங்கோ, சத்தம் குறைச்சு. செலோவை வில்லாலை இழுக்க விடாதேங்கோ, விரலாலை மீட்டினாத்தான் அந்தப் பாட்டு துள்ளும்.

மூங்கில்துளை:
இன்னொண்டு, ஃபான். வாய்த்துளையிலை படுற காத்து மெல்லிசான தாரை, பக்கக் காத்து அடிச்சா விளிம்பிலை விழாமல் விலகி, சத்தம் இருமும். குழல் ஆக்களுக்கு மேலை இருக்கிற ஃபானை நிப்பாட்டுங்கோ, வயலின் பக்கம் ஓடட்டும். மைக்கை வாய்த்துளைக்கு நேரே வைச்சா மூச்சுத்தான் கேக்கும். ஒரு அடி உயரத்திலை, இடக்கைப் பக்கம் சாய்ச்சு வையுங்கோ. நோட்டுத் தாளுக்கு உடுப்புக் கிளிப், ஆளுக்கு ரெண்டு.