கோட்டில் தொடங்குவதா, கடிதத்தில் தொடங்குவதா? ஆறாம் வகுப்புக்குப் பண்டைய சீனா

ஆறாம்வகுப்பு டீச்சர்:

கலிஃபோர்னியாவில் ஒரு நடுநிலைப்பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இங்கே மெசபடோமியா, எகிப்து, கிரேக்கம், இந்தியா, சீனா, ரோம் எல்லாமே ஆறாம் வகுப்பில் வந்துவிடும். சீனாவுக்கு எனக்குக் கிடைப்பது மூன்று வாரம். இத்தனை வருடமாக முதல் நாளே பலகையில் ஒரு கோடு போட்டு ஷாங், ஜோவ், சின், ஹான் என்று அரச வம்சங்களை ஆண்டுகளோடு எழுதிவிடுவேன். பிள்ளைகளும் அதை ராகம் போட்டுப் பாடி, பரீட்சையில் சரியாக எழுதிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் பெருஞ்சுவரைத் தவிர ஒன்றும் நினைவிருக்காது.

இந்த முறை கோட்டை விட்டுவிட்டேன். ஒரு கடிதத்தில் தொடங்கினேன். ஹெய்ஃபு, ஜிங் என்று இரண்டு சகோதரர்கள், சின் நாட்டுச் சிப்பாய்கள். கி.மு. 223 வாக்கில் போர்முனையிலிருந்து வீட்டிலிருக்கும் சகோதரன் சோங்குக்கு மரப்பலகையில் மையால் எழுதியவை. ஹூபே மாகாணத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் 1975-76இல் தோண்டிய கல்லறைகளில் ஒன்றில் கிடைத்தன; அது சோங்குடையதாகவே இருக்கும் என்று கருதுகிறார்கள். அம்மா நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டு ஹெய்ஃபு விஷயத்துக்கு வருகிறான். ஊரில் துணி மலிவு என்றால் அம்மா வேனில் உடுப்பு தைத்துப் பணத்தோடு அனுப்பட்டும். விலை அதிகம் என்றால் பணம் மட்டும் போதும், இங்கேயே துணி வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். ஜிங்குக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அடுத்தவன் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன், வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன் என்று எழுதி, கடைசியில் 'அவசரம்' என்ற எழுத்தை மூன்று முறை போட்டிருக்கிறான்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ஒரு பையன், "சிப்பாய்க்கு அரசாங்கம் துணி கொடுக்காதா?" என்று கேட்டான். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சின் அரசு எப்படி நடந்தது என்ற பேச்சுக்குள் போய்விட்டோம். காலக்கோட்டை வைத்து எனக்கு இது ஒரு தடவைகூட நடந்ததில்லை. வரலாறு எடுப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மதுரை வாத்தியார்:

கோட்டை விட்டுவிட்டேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அம்மா, என் வேலை மிச்சம்.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். கதை சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பது எனக்கும் தெரியும். ஒன்று கேட்கிறேன். ஜிங் எந்தப் போரில் இருந்தான்? சின் நாடு சூ நாட்டை விழுங்கிக்கொண்டிருந்த போர். அதற்கு முன் ஏழு நாடுகள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அடித்துக்கொண்டன. அது தெரியாத பிள்ளைக்கு இது எந்த ஊர்ச் சிப்பாய் எழுதினாலும் ஒரே கடிதம்தான். நம் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பையனும் மாசக் கடைசியில் இதையேதான் எழுதுவான்.

அடுத்த வாரம் ஷாங் காலத்து அரசி ஃபூ ஹாவின் கல்லறையைக் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அவள் கி.மு. 1200ஐ ஒட்டியவள். அவளுக்கும் உங்கள் ஜிங்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010க்கும் நமக்கும் உள்ள தூரம் அது. கோடு போடாவிட்டால் உங்கள் பிள்ளைகள் ராஜராஜனையும் உங்களையும் ஒரே தெருவில் குடிவைத்துவிடுவார்கள். பெருஞ்சுவர் என்றீர்களே, அதிலும் இதே கோளாறுதான். படங்களில் பார்க்கும் செங்கல், கருங்கல் சுவர் வெகு பின்னால் வந்த மிங் வம்சத்துக் காலத்தது. சின் காலத்தில் பெரும்பாலும் மண்ணை இடித்துக் கெட்டித்த சுவர்தான். இரண்டுக்கும் இடையே 1,500 வருடத்துக்கு மேல். இதைக் கடிதம் சொல்லித் தராது.

ரெண்டு பிள்ளை அப்பா:

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர் பக்கம். என் மகளுக்கும் இதே வயது. வேறு மாநிலம், வேறு பள்ளி. அங்கேயும் 'ஆதாரத்திலிருந்து தொடங்குவோம்' என்றுதான் ஃபூ ஹாவின் கல்லறையைக் காட்டினார்கள். 1976இல் யாரும் கொள்ளையடிக்காத நிலையில் கிடைத்த கல்லறை, நானூற்றுக்கு மேல் வெண்கலப் பொருள்கள், எழுநூற்றுக்கு மேல் பச்சைக்கல் பொருள்கள், எல்லாம் அருமை. கூடவே அவளோடு புதைக்கப்பட்ட பதினாறு பேர். அன்று இரவு என் மகள் தூங்கவில்லை. அதைக்கூட விடுங்கள். வகுப்பில் ஒரு சீனப் பையன் இருக்கிறான். பலி என்ற சொல் வந்ததும் மொத்த வகுப்பும் அவனைத் திரும்பிப் பார்த்ததாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது தேவையா? காகிதம், பட்டு, திசைகாட்டி என்று சொல்லிக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆறாம்வகுப்பு டீச்சர்:

அந்தப் பையனுக்கு நடந்தது தவறுதான். அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

ஆனால் கண்டுபிடிப்புப் பட்டியலோடு நின்றால் ஃபூ ஹாவைப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். குறி பார்த்து எழுத்துப் பொறித்த எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் அவளைப் பற்றி எவ்வளவு இருக்கிறது தெரியுமா? 13,000 பேரைத் திரட்டிக்கொண்டு போருக்குப் போனவள். அவளுடைய பிரசவத்துக்கு ராஜா வூ திங் ஆமை ஓட்டில் குறி பார்த்திருக்கிறான். இந்த நாளில் பிறந்தால் நல்லது, அந்த நாளில் பிறந்தால் மிக நல்லது என்று முதலில் பொறித்திருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு அதே ஓட்டில் முடிவையும் சேர்த்திருக்கிறார்கள்: "நல்லதாக இல்லை. பெண்." என் வகுப்பில் பெண் பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். "அம்மா படை நடத்தலாம், மகள் பிறக்கக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ஓட்டோடு ஆறாம் வகுப்புப் பிள்ளை சண்டை போடுகிறாள் சார். திசைகாட்டியோடு யாராவது சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

தைபேத் தமிழன்:

வணக்கம் டீச்சர். தைபேயில் பத்து வருடமாக இருக்கிறேன், சீனம் வாசிப்பேன். இரண்டு விஷயம்.

முதலில் அப்பா சாருக்கு. உங்கள் மகள் சீனாவுக்கு முன்னால் மெசபடோமியா படித்திருப்பாளே? அங்கே 'ஊர்' (Ur) என்றே பெயருள்ள நகரத்து அரச கல்லறைகளில் ஒரே குழியில் 74 பேர் கிடந்தார்கள். அந்தப் பாடத்தின்போது யாரும் யாரையும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், வகுப்பில் ஈராக்குப் பையன் இல்லாத காரணத்தால். ஷாங் பலியைச் சொல்லும் அன்று 'ஊர்' நகரக் கல்லறையையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால் ஒரு பையன் தலையில் மட்டும் அது விழாது. மறைத்தால் பிறகு எங்கேயாவது பாதி வதந்தியாகக் காதில் விழும்.

இரண்டாவது, டீச்சர் சொன்ன அதே ஷுய்ஹுதியில் இன்னொரு கல்லறையும் உண்டு. ஷி என்ற கீழ்நிலை அதிகாரியுடையது. உடம்பைச் சுற்றி 1,100க்கு மேற்பட்ட மூங்கில் சுவடிகளை வைத்துப் புதைத்திருந்தார்கள், பெரும்பகுதி சின் சட்டங்கள். அரசாங்க மாடு ஏர் உழுது இளைத்தால் இடுப்புச் சுற்றை அளந்து, குறைந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் (அவர்கள் அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் சிறிசு) பொறுப்பாளிக்குப் பத்து அடி. நன்றாக வளர்த்திருந்தால் மதுவும் உப்புக்கண்டமும் பரிசு. பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள், விட மாட்டார்கள்.

இதைவிடச் சுவையானது ஒன்று. சின் பேரரசு எப்படி விழுந்தது என்று எல்லாப் பாடப்புத்தகமும் ஒரு கதை சொல்லும். கி.மு. 209இல் சென் ஷெங், வூ குவாங் இருவரும் எல்லைக்காவலுக்கு ஆட்களோடு போகிறார்கள். மழையில் வழி அடைபடுகிறது. தாமதமாகப் போனால் தலை போகும் என்பது சட்டம், எனவே கலகம் செய்கிறார்கள். சொன்னவர் ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா ச்சியென். ஷியின் சுவடியைப் பிரித்தால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது: மூன்று முதல் ஐந்து நாள் தாமதம் என்றால் திட்டு, ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம், அதற்கு மேல் ஒரு கவசம். மழை என்றால் வேலையே ரத்து! யாரை நம்புவது? இந்த ஒரு கேள்விக்கே ஒரு வாரம் கொடுக்கலாம்.

மதுரை வாத்தியார்:

தம்பி, நல்ல சரக்கு. ஆனால் பாதியை விழுங்கிவிட்டீர்கள். அந்தச் சட்டம் கட்டுமான ஊழியத்துக்கு, நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அந்த மாதிரி கூலியில்லா வேலைக்கு. சென் ஷெங் போனது எல்லைக்காவலுக்கு. இரண்டுக்கும் ஒரே தண்டனைதான் என்று சுவடி சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையிடம் "சிமா ச்சியென் பொய் சொன்னாரா?" என்று கேட்டால், "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். ஆதாரத்தை எடைபோடச் சொல்லித் தருகிறோம் என்று நினைத்துக்கொண்டு, புதிதாக ஒரு தப்பை மனப்பாடம் செய்ய வைப்போம்.

தைபேத் தமிழன்:

ஒப்புக்கொள்கிறேன் சார். ஊழியத்துக்கான சட்டம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் இப்போது எனக்குச் செய்தீர்களே, அதைத்தான் பிள்ளைகளைச் செய்ய வைக்கலாம் என்கிறேன். இது எந்த வேலைக்கான சட்டம் என்று சுவடியையே கேட்பது.

காஞ்சிக்காரன்:

எல்லாரும் நம்மை மறந்துவிட்டீர்கள். ஹான் வரலாற்று நூலில் ஹுவாங்ஜி என்றொரு நாடு வருகிறது. கி.பி. 2இல் சீனாவுக்குக் காண்டாமிருகம் அனுப்பியது. அதுதான் காஞ்சிபுரம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்!

மதுரை வாத்தியார்:

தம்பி, அது காஞ்சிதான் என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு, இல்லவே இல்லை என்பவரும் உண்டு. தவிர, காஞ்சிபுரத்தில் காண்டாமிருகத்துக்கு எங்கே போவது?

ரெண்டு பிள்ளை அப்பா:

'ஊர்' நகரக் கல்லறை விஷயம் யோசிக்க வைத்தது. என் மகளிடம் கேட்டேன். "அதுவும் படிச்சோமே, அப்போ எனக்குப் பயமா இல்லை" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க யாருன்னு தெரியாது. ஃபூ ஹாவைத் தெரியும்" என்றாள். இது யார் கட்சிக்குச் சாதகம் என்று எனக்குப் புரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

தைபேத் தமிழன்:

வாத்தியார் சாருக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். ஷியின் கல்லறையில் சட்டத்தோடு ஒரு காலக்கோடும் கிடைத்தது. உண்மையாகவே கோடுதான். கி.மு. 306 முதல் 217 வரை ஆண்டு ஆண்டாக, ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் சின் படை எந்த ஊரைத் தாக்கியது என்ற குறிப்பு. கி.மு. 262க்கு நேரே ஒரு போரின் பெயர், அதை ஒட்டியே "பன்னிரண்டாம் மாதம், கோழி கூவும் நேரம், ஷி பிறந்தான்." போகப் போக அப்பா இறந்தது, அம்மா இறந்தது, பிள்ளைகள் பிறந்தது எல்லாம் போர்களுக்கு நடுவே வருகின்றன.

கி.மு. 221, ஏழு நாடுகளும் ஒன்றாகி முதல் பேரரசர் பட்டம் சூட்டிக்கொண்ட ஆண்டு. நாம் எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. அந்த ஆண்டுக்கு நேரே ஷி ஒன்றும் எழுதவில்லை. வெறும் ஆண்டு எண் மட்டும். அடுத்த ஆண்டு ஒரு குழந்தை பிறந்ததை மாதம், நாள், வேளையோடு எழுதியிருக்கிறார். குழந்தையின் பெயருக்கு 'காது குத்தல்' என்று பொருள் சொல்லலாம். அதற்கடுத்த ஆண்டு, பேரரசர் தங்கள் ஊர்ப்பக்கம் கடந்து போனதாக ஒரு வரி.

ஆறாம்வகுப்பு டீச்சர்:

தைபேத் தம்பி, இதற்காக உங்களுக்கு ஒரு காப்பி கடன்பட்டிருக்கிறேன். நேற்றே செய்துவிட்டேன். ஒரு நீளக் காகிதம், நடுவில் ஆண்டுகள். மேல் பக்கம் உலகத்தில் நடந்தது, கீழ்ப் பக்கம் வீட்டில் நடந்தது. முதலில் பிள்ளைகள் தங்கள் சொந்தக் கோட்டைப் போட்டார்கள். 2020க்கு மேலே எல்லாருமே பள்ளி மூடியதை எழுதினார்கள். கீழே ஒருத்தன் "நாய்க்குட்டி வந்தது" என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தான், ஜிங் மாதிரி. பிறகு ஷியின் கோட்டைக் கொடுத்தேன். 221க்கு நேரே ஏன் காலி என்று அரை மணி நேரம் வாக்குவாதம். மறந்துவிட்டார் என்றது ஒரு கட்சி, பயம் என்றது இன்னொன்று. அவர் ஊர் எப்போதோ சின் நாடாகிவிட்டது, அவருக்கு அன்று ஒன்றும் மாறவில்லை என்று சொன்னது மூன்றாவது கட்சி. அதைச் சொன்னவள் ஆமை ஓட்டோடு சண்டை போட்ட அதே பெண்.

வாத்தியார் ஐயா, ஆயிரம் வருட இடைவெளி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஃபூ ஹாவ் எங்கே வருவாள் என்று கேட்டேன். ஷியின் கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் வைத்தார்கள். அதே அளவில் போட்டால் காகிதம் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நாளைக்கு வராந்தாவில் ஒட்டப் போகிறோம். ஆனால் இதை முதல் நாள் போட்டிருந்தால் ஒருத்தரும் வராந்தா வரை நடந்து வந்திருக்க மாட்டார்கள். அதில் நான் மாறவில்லை.

மதுரை வாத்தியார்:

ஷியே கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். கடிதத்தை அல்ல அம்மா, கோட்டைத்தான் கூட வைத்துப் புதைத்தார்கள் அவரோடு.

வராந்தாவில் ஒட்டும்போது மிங் சுவருக்கும் இடம் விடுங்கள். அது வலப்பக்கம், இன்னும் தூரம் போகும். பள்ளி வாசல் தாண்டலாம்.

தைபேத் தமிழன்:

சோங்கோடு கடிதத்தைப் புதைத்தார்கள் சார். ஒன்றுக்கு ஒன்று.