மதர்போர்டு மாற்றியபின் விண்டோஸ் பூட் ஆகவில்லை, நேராக பயாஸ் திரைக்கே போகிறது

கேள்வி

எச்81 போர்டை எடுத்துவிட்டு பி660 போர்டும் 12ஆம் தலைமுறை ஐ5 ப்ராசஸரும் போட்டாயிற்று. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பழைய சாட்டா எஸ்எஸ்டிதான், அதில் விண்டோஸ் 10 (64 பிட்). ஆன் செய்தால் பயாஸ் திரைதான் வருகிறது. ஸ்டோரேஜ் பக்கத்தில் எஸ்எஸ்டி தெரிகிறது, பூட் பட்டியலில் மட்டும் இல்லை. சிஎஸ்எம் (பழைய முறை பூட்டை அனுமதிக்கும்) ஆப்ஷன் மங்கலாக இருக்கிறது, மாற்ற முடியவில்லை. ஃபார்மட் செய்யாமல் மீட்க வழி உண்டா?

பதில் 1

உண்டு. எஸ்எஸ்டி பயாஸில் தெரிவதால் கேபிள், போர்ட் மீது சந்தேகம் வேண்டாம். பழைய போர்டில் விண்டோஸ் லெகசி (பழைய பயாஸ் வழி பூட்) முறையில் ஏறியிருக்கும், அதாவது டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும். இன்டெல் 500 வரிசை போர்டுகளிலிருந்து, ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை மட்டும் வைத்து லெகசி பூட் செய்ய முடியாது. சிஎஸ்எம் மங்கியிருப்பது அதனால்தான். தனி கார்டு போட்டு சிஎஸ்எம்மைத் திறக்கலாம் என்றாலும், டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு.

முதலில் எஸ்எஸ்டியை முழுசாக வேறு டிஸ்க்கில் இமேஜ் (அப்படியே ஒரு முழு நகல்) எடுத்துவிடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு விண்டோஸ் 10 இன்ஸ்டாலேஷன் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் நிர்வாகக் கருவியைத் திறந்து, அதில் "லிஸ்ட் டிஸ்க்" கொடுத்து, கொள்ளளவை வைத்து எஸ்எஸ்டியின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஜிபிடி என்ற கடைசிப் பத்தியில் நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் அது எம்பிஆர்தான். வெளியே வந்து:

எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0

0 இருக்கும் இடத்தில் உங்கள் எண். இது எதையும் மாற்றாது, சோதிக்க மட்டுமே செய்யும். தேறினால் "வேலிடேட்" இடத்தில் "கன்வெர்ட்" போட்டு மறுபடி கொடுங்கள்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு போய்விட்டது.

கேட்டவர்

பிட்லாக்கர் இல்லை. வேலிடேட் தேறவில்லை. சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, ரெகவரி என்று நான்கு பார்ட்டிஷன்கள் இருக்கின்றன. ரெகவரியை அழித்துவிடலாமா?

பதில் 1

அதைத் தொடாதீர்கள். இந்தக் கருவி 3 பிரைமரி பார்ட்டிஷன் வரைதான் ஏற்கும், ஆகவே ஒன்று போகத்தான் வேண்டும். ஆனால் ரெகவரியை அழித்தாலும் அதைச் சுட்டும் பதிவு பூட் பட்டியலில் தங்கிவிடும். அப்புறம் "விண்டோஸ் பார்ட்டிஷனைக் காணவில்லை" என்று வேறொரு பிழை கிளம்பும். டியில் இருப்பதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு டியை அழியுங்கள். மாற்றம் முடிந்தபின் அதே இடத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஒன்று கவனம்: பென்டிரைவில் பூட் செய்திருக்கும்போது டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எழுத்தை நம்பாமல் அளவையும் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் பார்த்து அழியுங்கள்.

பதில் 2

கன்வெர்ட் முடிந்தும் பூட் பட்டியலில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" வராவிட்டால், டிஸ்க்பார்ட்டில், கன்வெர்ட் உருவாக்கிய புதிய ஃபேட்32 பார்ட்டிஷனுக்கு எஸ் என்று எழுத்து கொடுத்து:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

சிக்குப் பதில் அப்போது விண்டோஸ் இருக்கும் எழுத்து. கட்டளையை ஆங்கிலத்தில்தான் தட்டச்ச வேண்டும். பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற பழைய கட்டளை இங்கே உதவாது; ஜிபிடி டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) அது எழுதும் பூட் கோடை இயக்குவதே இல்லை.

லோகோ வந்து நீலத் திரையில் "இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நின்றால் அது வேறு கோளாறு. பூட் ஃபைல் சரியாக இருக்கிறது, ஆனால் கன்ட்ரோலருக்கான டிரைவர் ஏறவில்லை. பயாஸில் விஎம்டி (இன்டெலின் தனி ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் முறை) ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, சாட்டாவை ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறையில் வையுங்கள். அப்போதும் நின்றால் ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றுங்கள். அதில் உள்ளே போய்விட்டால், அடுத்து சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் ஏறிவிடும்.

கேட்டவர்

டியை அழித்ததும் வேலிடேட் தேறியது, கன்வெர்ட்டும் முடிந்தது. டெஸ்க்டாப் வந்துவிட்டது. இப்போது "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்று காட்டுகிறது.

பதில் 2

டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோடு பிணைந்தது, அதனால்தான். ரீடெயில் (தனியாக வாங்கிய) லைசென்ஸாக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஏற்கெனவே இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் புதிய போர்டுக்கு மாறாது, புதிதாக வாங்க வேண்டியதுதான்.