ஆட்டிசம் உள்ள 7 வயசு பையன், நாள் முழுக்க தண்ணி குடிக்கிறான். பழக்கமா, உடம்புக் கோளாறா?

திருச்சி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு 7 வயசு, எடை 24 கிலோ. பேச்சு ரொம்பக் கம்மி. "தண்ணி", "வேணாம்", "போலாம்", இது மூணும் தெளிவா வரும்.

சின்னதுல இருந்தே தண்ணின்னா உயிர். வாளி, குழாய், மழை எதையும் விட மாட்டான். ஆனா அது விளையாட்டு. இப்ப நடக்கறது வேற. கோடை லீவு விட்டதுல இருந்து குடிச்சுக்கிட்டே இருக்கான். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் காலை டிபனுக்கு முன்னாடியே காலி. பாட்டிலை எடுத்து வெச்சா ஃபில்டர் குழாய்க்கு அடியில வாயை வெச்சிடறான். கிச்சனைச் சாத்தினா பாத்ரூம் போய் குளிக்கிற மக்குல மொண்டு குடிக்கிறான். எங்க வீட்டு போர் தண்ணி உப்பு கரிக்கும், பெரியவங்களால ஒரு வாய் குடிக்க முடியாது. அதையும் குடிக்கிறான்.

குடிக்கிற விதத்தையும் சொல்றேன், யாருக்காவது ஏதாவது புரியலாம். பாட்டில் விளிம்பை முன்பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, நல்லா அண்ணாந்து, கண்ணை ஃபேன் மேல வெச்சுக்கிட்டு, மூச்சு விடாம மடக் மடக்னு குடிப்பான். காலியானதும் உள்ள எட்டிப் பார்த்துட்டு பாட்டிலை நேரா என் கையில திணிப்பான், நிரப்பித் தரணுமாம். தரலைன்னா தன் கையையே கடிச்சுக்கிறான்.

ராத்திரி படுக்கை நனையறது எப்பவோ நின்னுபோச்சு, மறுபடி ஆரம்பிச்சிருக்கு. சில நாள் நடுராத்திரி எழுந்தும் தண்ணி கேக்கறான். கோபம், எரிச்சல் குறையறதுக்கு ரிஸ்பெரிடோன்னு ஒரு மருந்து 0.5 மி.கி. ராத்திரியில கொடுக்கறோம், லீவுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆரம்பிச்சது. வலிப்பு கிடையாது, வேற மாத்திரை இல்லை.

பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். "இந்தப் பசங்க இப்படித்தாம்மா, வெயில் வேற, குடிக்கட்டும்"னு அனுப்பிட்டாங்க. ஒரு டெஸ்ட்டும் எழுதல. தெரிஞ்சவங்க ஒருத்தர், படுக்கை நனையறதுக்கு டெஸ்மோபிரெஸின்னு மாத்திரை இருக்கு, வாங்கிக் கொடுங்கன்னாங்க. வாங்கல, இங்க கேட்டுட்டுப் பாக்கலாம்னு வெச்சிருக்கேன். தண்ணியைக் குறைச்சா எல்லாம் சரியாகும்ங்கறாங்க மாமியார். ஸ்கூல்ல இப்பவே, பாட்டில் கொடுத்து விடாதீங்க, அடிக்கடி பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னு சொல்றாங்க.

எங்க இருந்து ஆரம்பிக்கணும்? அவனுக்கு நிஜமாவே தாகம் எடுக்குதா, இல்ல சும்மா குடிக்கிறானான்னு அவனால சொல்ல முடியலையே, அதுதான் எனக்குத் தாங்கல.

கோவை அப்பா:

அம்மா, இன்னிக்கே சர்க்கரை பாத்துருங்க. நாளைக்குன்னு தள்ள வேண்டாங்க. வீட்ல பெரியவங்க யாருக்காவது சுகர் இருந்தா குளுக்கோமீட்டர் இருக்கும். புது ஊசி போட்டு விரல்ல ஒரு சொட்டு எடுத்தாப் போதும். அதுக்கு முன்னாடி பையன் கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சிருங்க, பழம் தொட்ட கையா இருந்தா நம்பர் ஏறிக் காட்டும்.

எம் பொண்ணுக்கும் ஆட்டிசம்தான். 9 வயசுல இதே மாதிரி தண்ணி, நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்ரூம், நல்லா சாப்பிட்டும் கவுனெல்லாம் தொளதொளன்னு ஆச்சு. தெரபி சென்டர்ல, வாய்க்கு ஏதோ வேண்டியிருக்கு, அதான் குடிக்கிறா, சென்சரின்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. எங்கம்மாவோட மீட்டர்ல வெச்சுப் பாத்தேன். நம்பரே வரலைங்க, "ஹை"னு மட்டும் வந்துச்சு. எங்க மீட்டர் 600-க்கு மேல போனா அப்படித்தான் காட்டும். அன்னிக்கு ராத்திரியே அட்மிட். டைப் 1 சர்க்கரை. இப்ப இன்சுலின் போட்டுக்கிட்டு நல்லா இருக்கா, ஸ்கூல் போறா.

உங்க பையனுக்கு எப்ப எடுத்தாலும் 200 தொட்டா, இவ்வளவு தாகமும் சேர்ந்திருக்கறதால, நேரா ஆஸ்பத்திரி போயிருங்க. வாந்தி, வயித்து வலி, மூச்சு ஆழமா வேகமா வாங்கறது, வாயில பழ வாடை, துவண்டு படுக்கறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. டைப் 1-ல குழந்தைங்க ரெண்டொரு நாள்ல மோசமாயிருவாங்க. மூத்திரம் போன எடத்துல எறும்பு மொய்க்கலையே, அப்புறம் என்னன்னு யாராவது தைரியம் சொன்னா கேக்காதீங்க. அது டெஸ்ட்டே இல்லைங்க.

நம்ம பசங்களுக்கு என்ன வந்தாலும் ஆட்டிசம் கணக்குல எழுதிடறாங்க. பல்வலியில தலையை முட்டிக்கிட்டாலும் ஆட்டிசம், காதுல சீழ் வெச்சு அழுதாலும் ஆட்டிசம். பேசற குழந்தை "தாகமா இருக்கு"ன்னு நாலு தரம் சொன்னா டாக்டர் உடனே யூரின் டெஸ்ட் எழுதுவாரு. நம்ம குழந்தை சொல்லாம செஞ்சு காட்டுது. அதுக்கும் அதே டெஸ்ட் எழுதணும். கேட்டு வாங்குங்க, சத்தம் போட்டாவது.

தஞ்சை சிஸ்டர்:

நான் குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். கோவை அப்பா சொன்னதைத்தான் நானும் முதலில் சொல்வேன். அதன் பிறகு மூன்று விஷயம்.

அந்த டெஸ்மோபிரெஸின் மாத்திரையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். படுக்கை நனைப்பதற்கு அது உண்மையிலேயே கொடுக்கிற மருந்துதான். சிறுநீர் போவதைக் குறைத்து உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கிற குழந்தைக்குக் கொடுத்தால், உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு தடாலென்று இறங்கிவிடும். வலிப்பு வரலாம். அதனால்தான் இப்படி அளவுக்கு மீறிக் குடிக்கிறவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உங்கள் மாமியார் சொல்வது. காரணம் தெரியும் முன் தண்ணீரை நிறுத்தாதீர்கள் அம்மா. சர்க்கரை இல்லாமலும் ஒரு நோய் உண்டு, டயபடீஸ் இன்சிபிடஸ் என்பார்கள். சர்க்கரை வியாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2022-ல் அதன் பெயரையே வாசோபிரெஸின் என்கிற ஹார்மோனின் குறைபாடு, எதிர்ப்பு என்கிற பொருளில் மாற்றினார்கள். மூளையிலிருந்து வரும் அந்த ஹார்மோன் குறைந்தாலோ, சிறுநீரகம் அந்த ஹார்மோனுக்குக் கட்டுப்படாவிட்டாலோ சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது, தண்ணீராகவே கொட்டும். அந்தக் குழந்தை குடிப்பது உயிர் பிழைக்க. தண்ணீரை மறைத்தால் சோடியம் ஏறி ஆபத்தாகிவிடும். தண்ணீர் கொடுக்காமல் வைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதை மணிக்கு மணி எடை பார்த்து, ரத்தம் எடுத்து, ஆஸ்பத்திரியில்தான் செய்வார்கள். வீட்டில் கிச்சன் கதவைப் பூட்டிச் செய்கிற காரியம் இல்லை.

மூன்றாவது, அளந்து எழுதுங்கள். 24 கிலோ குழந்தைக்கு, முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20 என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு சுமார் 1,580 மி.லி. வரும். பால், மோர், ரசம் எல்லாம் அதில் அடக்கம். வெயிலுக்குக் கொஞ்சம் கூடலாம். உங்கள் பையன் காலை டிபனுக்குள்ளேயே ஒரு லிட்டர் என்கிறீர்கள், அது அதிகம். சிறுநீரையும் முடிந்தவரை பிடித்து அளங்கள். அவன் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு நாளில் கிட்டத்தட்ட 1.8 லிட்டரைத் தாண்டினால் டாக்டர் அக்கறையாகப் பார்க்க வேண்டிய அளவு. பிடிக்க விடமாட்டான் என்றால் இரவில் டயப்பர் போட்டு, காலையில் சமையல் தராசில் வைத்து, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்துவிடுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மி.லி.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், கிரியேட்டினின், யூரின் ரொட்டீன். விடியற்காலை முதல் சிறுநீரின் அடர்த்தியும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து குடிக்கிறான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், வெறும் பழக்கம் என்றால் பெரும்பாலும் தூக்கத்தில் தாகம் எழுப்பாது. ரத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மரத்துப்போகிற க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவிப் போனால் குழந்தை அவ்வளவு துடிக்காது.

ரிஸ்பெரிடோனில் வாய் உலர்ந்து தாகம் கூடுவது உண்டு, சர்க்கரையும் ஏறலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தலைவலி மாதிரி தலையைப் பிடித்துக்கொள்வது, வாந்தி, மந்தமாக இருப்பது தெரிந்தால் சோடியம் இறங்குகிறதோ என்று எண்ணி உடனே போங்கள்.

திருச்சி அம்மா:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சிஸ்டர். படிச்ச உடனே மாமனாரோட மீட்டர்ல பாத்தோம். 96. கையெல்லாம் நடுங்கிக்கிட்டேதான் எடுத்தேன். குழந்தைகள் டாக்டர் வேற ஒருத்தர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, லிஸ்ட்டை அப்படியே எழுதி எடுத்துட்டுப் போறேன்.

மதுரை டீச்சர்:

அக்கா, நான் சிறப்பாசிரியர். 96 நல்ல சேதி, ஆனா மத்த டெஸ்ட் முடியற வரைக்கும் நான் சொல்றதை ஆரம்பிக்காதீங்க. அதெல்லாம் சரியா இருந்தா அப்புறம் இது.

நீங்க எழுதினதுல பல்லால விளிம்பைக் கடிக்கிறதும், அண்ணாந்து ஃபேனைப் பாக்கறதும் என் கண்ணுல பட்டுச்சு. இது தாகத்துக்காக மட்டும் இல்லாமலும் இருக்கலாம். கடிக்க வேணும், தொண்டையில சில்லுனு இறங்கணும், அந்த மடக் மடக் சத்தம் வேணும், இதுல எதுன்னு பாக்கணும். ஒரு நோட்டுல குடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எவ்வளவு குடிச்சான், அப்புறம் என்ன கெடைச்சுதுன்னு மூணு கட்டம் போட்டு எழுதுங்க. என்கிட்ட படிச்ச ஒரு பையன் எழுத உக்கார வெச்சா மட்டும் தண்ணி கேப்பான். அவனுக்கு தண்ணிங்கறது மேஜையை விட்டு எழுந்திரிக்க ஒரு வழி. அவனுக்கு "பிரேக்" அட்டை கொடுத்தோம், குடிக்கிறது பாதியாச்சு. லீவுல வீட்டுல சும்மா இருக்கிற பிள்ளைக்கு தண்ணி ஒரு வேலையாவும் ஆயிடும்.

பாட்டிலைப் பிடுங்காதீங்க. அதே பாட்டில், அதே இடம், ஆனா கொஞ்சமா ஊத்துங்க. 150 மி.லி. ஊத்தி, சுவத்துல டம்ளர் படம் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் ஒண்ணை அவனே எடுத்துப் போடட்டும். அடுத்த டம்ளர் எப்பன்னு கண்ணால பாத்தா கையைக் கடிக்கிறது குறையும். மெல்லிசான ஸ்ட்ரா போட்டா ஒரே மூச்சுல இறங்காது. கடிக்கிறதுக்குன்னே தனியா கேரட், வெள்ளரி, மெல்லறதுக்குன்னே செஞ்ச ட்யூப் கொடுங்க. சிப்ஸ், முறுக்கு, ஊறுகாய், அப்பளம் எவ்வளவு போகுதுன்னும் பாருங்க. பாத்ரூம் வாளியைக் கவுத்து வைங்க, மக்கை மேல வைங்க, இது மட்டும் இன்னிக்கே செய்யலாம். வாயைத் திறந்துக்கிட்டே தூங்கறானா? மூக்கடைப்பு, அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி வளர்ற சதை) இருந்தாலும் வாய் காஞ்சு போகும்.

ஸ்கூல் விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. அங்கீகாரம் உள்ள பள்ளி பிள்ளைக்குத் தகுந்த ஏற்பாடு பண்ணணும். எவ்வளவு தண்ணி, எந்த நேரம், எத்தனை தரம் பாத்ரூம்னு டாக்டர் லெட்டர்ல எழுதி வாங்கி ஹெச்எம் கையில கொடுங்க. வாய்ல சொன்னா மறந்துருவாங்க.

திருச்சி அம்மா:

ரிசல்ட் வந்தாச்சு, அதான் எழுதறேன். லேப்லயும் சர்க்கரை நார்மல். கால்சியம், பொட்டாசியம், கிரியேட்டினின் எல்லாம் சரி. சோடியம் 132, 135-க்கு மேல இருக்கணுமாம். பகல்ல எடுத்த யூரின் அடர்த்தி 1.003, தண்ணி மாதிரி; விடியக்காலை எடுத்தது 1.020, நல்லா கெட்டி. அப்படின்னா ஹார்மோன் வேலை செய்யுது, சிறுநீரகமும் கேக்குது, இன்சிபிடஸ் மாதிரி தெரியல, தண்ணி கூடிப்போய் சோடியம் நீர்த்திருக்குன்னு இந்த டாக்டர் பொறுமையா விளக்கினார். டெஸ்மோபிரெஸின் பத்திக் கேட்டேன், சிஸ்டர் சொன்னதையே சொன்னார். ரிஸ்பெரிடோன் எழுதின டாக்டர்கிட்டயும் போன்ல பேசினார், வாய் உலர்றது அதுனாலயும் இருக்கலாமாம், டோஸைப் பத்தி அடுத்த வாரம் நேர்ல முடிவு பண்றாங்க.

எல்லா பானமும் சேர்த்து நாளைக்கு ரெண்டு லிட்டர், பிரிச்சுப் பிரிச்சு, திடீர்னு குறைக்காம மெல்ல இறக்கச் சொல்லியிருக்கார். டம்ளர் படம் ஒட்டியாச்சு. முதல் நாள் எல்லாத்தையும் ஒரே தடவையில பிச்சு என் கையில கொடுத்துட்டு பாட்டிலை நீட்டினான், அழுகைதான். இப்ப படத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி என் முகத்தைப் பாக்கறான். வெள்ளரிக்காயைக் கடிக்கிறதுல பாட்டில் விளிம்பு கொஞ்சம் தப்பிச்சிருக்கு.

டீச்சர், ஒண்ணு கேக்கணும். ராத்திரி எழுந்தா என்ன பண்றது? சுத்தமா கொடுக்காம இருக்கலாமா?

மதுரை டீச்சர்:

கொடுங்க அக்கா. சின்ன டம்ளர்ல ரெண்டு வாய், லைட் போடாம, பேசாம. அது ஒண்ணும் கெடுதல் இல்ல, வாய் காஞ்சா நமக்கும் அப்படித்தான். எத்தனை மணிக்கு எழுந்தான்னு மட்டும் நோட்டுல குறிச்சு வைங்க, டாக்டருக்கு அது தேவைப்படும்.

தஞ்சை சிஸ்டர்:

சோடியம் மறுபடி எப்போது எடுக்கச் சொன்னார்கள்? 132 என்பது பயப்படும் அளவு இல்லை, ஆனால் ஏறியதா என்று பார்க்காமல் விடக் கூடாது. ஓஆர்எஸ், உப்புத் தண்ணீர் என்று யாராவது யோசனை சொன்னால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

திருச்சி அம்மா:

அடுத்த புதன் எடுக்கணும் சிஸ்டர். அன்னிக்கே ஸ்கூல் லெட்டரும் தர்றேன்னு சொல்லியிருக்கார். மரத்துப்போற க்ரீம் வாங்கி வெச்சிட்டேன். ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.