உள்ளங்காலில் மெலனோமா: அம்மாவின் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (ஹற்றனிலிருந்து)
வணக்கம். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவின் இடது குதிகாலில் கறுப்புத் திட்டு ஒன்று இருந்தது. அட்டை கடித்த தழும்பு என்று முதலில் விட்டுவிட்டோம். தோட்ட மருந்தகத்தில் கால் ஆணி என்று சொல்லி எட்டு மாதம் களிம்பு தந்தார்கள். அது வெடித்து நீர் வடியத் தொடங்கிய பின்னரே கண்டியில் பயொப்சி (திசுப் பரிசோதனை) எடுத்தோம். ‘அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, பிரெஸ்லோ 2.4 மி.மீ.’ என்று அறிக்கை வந்திருக்கிறது. வெயிலில் நின்றதால் வந்ததா என்று அம்மா கேட்கிறார். காலை எடுத்துவிடுவார்களா? இந்நோய் கண்ட எவருடனாவது பேச இயலுமா?

பதில் (பதுளை, ஓய்வுபெற்ற தாதி)
மகளே, வெயிலை நினைத்து அம்மா நொந்துகொள்ள வேண்டாம். தோலுக்கு நிறம் தரும் கலங்களில் தோன்றும் புற்றுநோயே மெலனோமா; உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் இவ்வகைக்கு வெயில் முதன்மைக் காரணமன்று. பிரெஸ்லோ என்பது கட்டி தோலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்ற அளவு. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. 2 மி.மீ.க்கு மேற்பட்டால், பொதுவாகச் சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து அகற்றி, குதிகாலில் வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள். பெரும்பாலும் காலை எடுக்கத் தேவைப்படுவதில்லை. ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலை ஊன்றவே கூடாது என்பதால், லயத்துப் படிகளில் ஏறி இறங்க இப்போதே ஒரு வழி பாருங்கள். நோய் பரவியுள்ளதா என்று அறியத் தொடையிடுக்கின் நிணநீர்க்கணுவைப் பரிசோதிப்பார்களா என்றும், அறிக்கையில் ‘புண்பட்டுள்ளது’ என்ற குறிப்பு உண்டா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

பதில் (மஸ்கெலியா)
என் அப்பாவுக்கு இதே நோய் பெருவிரல் நகத்தடியில் வந்தது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் செலவும் தங்குமிடமுமே எங்களை வருத்தின. கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளதால், தொடர் கிளினிக்கை அங்கே மாற்ற முடியுமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். சிங்களம் நன்கு தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் முதல் இரு முறை தலையை ஆட்டிவிட்டு வந்தோம். இதே நோய் கண்டவரைத் தேடினால் கிடைப்பது அரிது. கிளினிக் வாங்கில் பழக்கமான மார்பகப் புற்றுநோய் அக்கா ஒருவரே அப்பாவுக்குத் துணையாக இருந்தார். மனம் தாளாத இரவுகளில் 1926 என்ற மனநல இலக்கத்தை அழைக்கலாம். அப்பா பேச ஆயத்தமாக இருக்கிறார், தனிச்செய்தி அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. புண்பட்டதாக அறிக்கையின் மூன்றாம் வரியில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குச் சிங்களம் தெரிந்த சித்தப்பா வருகிறார். அண்ணா, தனிச்செய்தி அனுப்பியுள்ளேன்.