தங்க மோதிரத்தை ஒப்படைத்து வருஷம் தாண்டிவிட்டது, பதிலே இல்லை. யாரிடம் கேட்பது?

வயல்வெளி_ரவி:
வணக்கம். வேலைக்கு நடுவில் அவசரமாக எழுதுகிறேன். மெட்டல் டிடெக்டரில் கிடைத்த தங்க மோதிரத்தை முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். வருஷம் தாண்டியும் ஒரு தகவலும் இல்லை. மெயில் போட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரி வருகிறது. நிலத்துக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், விற்றுத் தின்றுவிட்டேன் என்று நினைக்கிறார் போல. அறுவடை முடிந்ததும் அவர் வயலில் மறுபடி இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

பழையகாசு:
எந்த நாடு? யாரிடம் ஒப்படைத்தீர்கள்? டி நம்பர் என்ன? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
வயல், அறுவடை என்கிறார், இங்கிலாந்தாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்து என்றால் கதையே வேறு ரவி அண்ணா. அங்கே கிடைப்பது எல்லாமே அரச உடைமை, நிலத்துக்காரருக்குப் பங்கே கிடையாது. மோதிரம் எவ்வளவு பழசு? ரசீது வைத்திருக்கிறீர்களா?

வயல்வெளி_ரவி:
இங்கிலாந்துதான். எஃப்எல்ஓவிடம் (மண்ணில் கிடைக்கும் பழம்பொருளைப் பதியும் உள்ளூர் அதிகாரி) கையில் கொடுத்தேன், ரசீது இருக்கிறது. டி நம்பர் என்றால் என்ன?

பழையகாசு:
டி நம்பர் தெரியாமலே ஒரு வருஷமாகக் காத்திருக்கிறீர்கள். பிரமாதம். டிடெக்டர் வாங்கும் முன் 1996 புதையல் சட்டத்தை ஒரு தடவை வாசித்திருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
அவர் அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள் அண்ணா. புதையலாக இருக்கலாம் என்று பதிவாகும் ஒவ்வொரு பொருளுக்கும் வருஷம், பிறகு 'டி' என்ற எழுத்து, பிறகு ஒரு எண் என்று வழக்கு எண் போடுவார்கள். அதைச் சொல்லிக் கேட்டால்தான் உங்கள் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று சொல்ல முடியும். எஃப்எல்ஓவிடமே கேட்கலாம்.

கிராய்டன்_மாமா:
எஃப்எல்ஓவைக் கேட்டு என்ன பயன்? தாமதம் எல்லாம் கொரோனர் ஆபீசில்தான், புதையலா இல்லையா என்று விசாரித்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்குச் சந்தேக மரணங்களை விசாரிப்பதுதான் முதல் வேலை. பிணம் காத்திருக்கும்போது மோதிரத்தை யார் பார்ப்பார்கள்? புதையலுக்கென்று நாடு முழுமைக்கும் தனியாக ஒரு கொரோனர் போடலாம் என்று 2009-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நாற்காலியில் ஆள் இல்லை. நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மண்வாசனை:
மாமா எந்த இழைக்கு வந்தாலும் கொரோனர்தான். எனக்கென்னவோ அறிக்கையே எழுதி முடித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து எஃப்எல்ஓக்கள் நாற்பது பேர் அளவில்தான். புதையல் வழக்குகள் ஆண்டுக்கு 1,000-க்கு மேல். பழைய சட்டம் இருந்த காலத்தில் ஆண்டுக்கு 25 பக்கம்தான் வரும். இதுபோக, புதையல் அல்லாத பித்தான், கொக்கி, ஓட்டைக் காசு எல்லாவற்றையும் அவர்களேதான் பதிய வேண்டும்.

சட்டிபானை:
அப்படியானால் ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல் மட்டும் எப்படி ஓடியது? 2009 ஜூலையில் கிடைத்தது, செப்டம்பரில் கொரோனர் விசாரணை, நவம்பரில் 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பே போட்டுவிட்டார்கள்.

மண்வாசனை:
நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது சார். ரவியின் மோதிரத்துக்கு யார் கேமரா வைத்தார்கள்?

பழையகாசு:
மோதிரம் 300 வருஷத்துக்கு மேல் பழசா, தங்கம் பத்து சதவீதமாவது இருக்கிறதா என்பதை இன்னும் சொல்லவில்லை. புதையலில் சேருமா என்பதற்கு அதுதான் கணக்கு. படம் போடவும்.

வயல்வெளி_ரவி:
படம் இப்போது கையில் இல்லை. ஒல்லியான தங்க வளையம், கலப்பை ஏறி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்பக்கம் சின்ன எழுத்தில் ஏதோ வரி. எழுத்துக்குள் மண் அப்பியிருந்தது, தேய்க்கக்கூடாது என்பதால் அப்படியே கொடுத்தேன். 1600-களாக இருக்கும் என்றார் ஆபீசர்.

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
போஸி ரிங்! காதலிக்கு உள்பக்கம் ஒரு வரி பொறித்துக் கொடுப்பார்களே, அது. தேய்க்காமல் கொடுத்தது ரொம்ப நல்லது. ஒற்றைத் தங்கக் காசு என்றால் பெரும்பாலும் புதையலில் சேராது, மோதிரம் ஒன்றே ஒன்று என்றாலும் சேரும்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த அருங்காட்சியகமாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா? யாரும் கேட்கவில்லை என்றால் விசாரணையே நடக்காது. அரசு உரிமையை விட்டுக்கொடுத்துவிடும், நிலத்துக்காரருக்குக் கடிதம் போகும், ஆட்சேபம் சொல்ல 28 நாள், அப்புறம் மோதிரம் உங்கள் கைக்கு வந்துவிடும். யாராவது கேட்டிருந்தால்தான் நீண்ட வழி. கொரோனர் விசாரணை, மதிப்பீட்டாளர் அறிக்கை, மதிப்பீட்டுக் குழு, அதற்கு மேல் பணம் திரட்ட அருங்காட்சியகத்துக்கு நாலு மாதம் வரை. மதிப்பு குறைவு என்று பட்டால் குழுவுக்கு நீங்களும் எழுதலாம், நிலத்துக்காரரும் எழுதலாம்.

இன்னொன்று. அந்த விவசாயி நிலச் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா? பர்மிஷன் எழுத்தில் இருக்கிறதா?

கிராய்டன்_மாமா:
அருங்காட்சியகம் தரும் வெகுமதியில் நிலத்துக்காரருக்குப் பாதி என்பதே அநியாயம். வெயிலிலும் மழையிலும் நடந்தவன் ஒருத்தன், வீட்டில் டீ குடித்தவனுக்குப் பாதியா? நம் இந்தியச் சட்டமே மேல். 1878 புதையல் சட்டத்தில் கண்டெடுத்தவனுக்கு முக்கால், நிலத்துக்காரனுக்குக் கால்.

திருச்சிக்காரன்:
மாமா, அதே சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பத்து ரூபாய்! இன்னும் மாற்றவில்லை. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் கூட்டித் தருவார்கள். சோழர் காசு என்றாலும் எடைக்கு எடை தங்க விலைதான். முக்கால் பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கிராய்டன்_மாமா:
அது அரசு எடுத்தால். எடுக்காவிட்டால்?

யாழ்_நிலவன்:
எங்கட பக்கம் அனுமதி இல்லாமல் புதையல் தோண்டினாலே பொலிஸ்தான் வரும். பாதியும் இல்லை, காலும் இல்லை.

சட்டிபானை:
இவ்வளவு இழுத்தடித்தால் யார்தான் ஒப்படைப்பார்கள்? பேசாமல் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

மண்வாசனை:
தயவுசெய்து இங்கே இப்படி எழுதாதீர்கள். கிடைத்த 14 நாளுக்குள் சொல்லாவிட்டாலே மூன்று மாதம் வரை ஜெயில். 2015-ல் லெம்ஸ்டர் பக்கம் வைக்கிங் காலத்துப் புதையலை அமுக்கிய இரண்டு பேர் திருட்டு வழக்கில் 2019-ல் உள்ளே போனார்கள். காசுகளில் பாதிக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. ரவி ரசீது வாங்கியிருக்கிறார். அதன் நகலை நிலத்துக்காரர் கையில் கொடுத்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பழையகாசு:
இதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருப்பேன், விவரம் கொடுத்திருந்தால்.

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
ரவி அண்ணா, இருக்கிறீர்களா? குத்தகையா சொந்தமா என்று சொல்லவே இல்லையே. குத்தகை என்றால் உண்மையான சொந்தக்காரரின் அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பங்கில் கை வைப்பார்கள்.

கிராய்டன்_மாமா:
திருச்சிக்காரரே, "எடுக்காவிட்டால்" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

திருச்சிக்காரன்:
எடுக்காவிட்டால் முக்கால் உங்களுக்குத்தான் மாமா. 1972 தொல்பொருள் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குத் தனி இழை போடுங்கள்.

வயல்வெளி_ரவி:
எல்லாருக்கும் நன்றி. டி நம்பர் வாங்கிவிட்டேன். உள்ளூர் அருங்காட்சியகம் ஒன்று கேட்டிருக்கிறதாம். கோப்பு கொரோனரிடம் இருக்கிறது, விசாரணைத் தேதி இன்னும் போடவில்லை. நிலம் அவருடைய சொந்தம்தான், பர்மிஷன் வாய்வார்த்தை. இந்த வாரம் எழுதி வாங்குகிறேன். ரசீது நகல் கொடுத்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வைத்துக்கொண்டார்.

கிராய்டன்_மாமா:
கொரோனர்! சொன்னேனா இல்லையா?

மண்வாசனை:
சரி மாமா, நீங்களே ஜெயித்தீர்கள். ரவி, படம்?