மலை வேட்டைக்கும் தொலைதூரச் சுடுதலுக்கும் ஒரே ரைபிள் போதுமா? நியூசிலாந்து வந்திருக்கும் டெல்டாக்காரர்களுக்கு

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு மன்னார்குடிப் பக்கம். கேன்டர்பரியில் பால் பண்ணை வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கூட வேலை செய்கிறவர்கள் லீவு கிடைத்தால் மலைக்கு வேட்டைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆயிரம் கெஜ தூரத்தில் இலக்கு வைத்துச் சுடும் போட்டியும் ஒரு நாள் பார்த்தேன், அதுவும் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரைபிளாக வாங்கிவிடலாமா? .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைபிளை வாங்கு, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: தம்பி, நான் பாபநாசம். இப்போது லீவில் ஊரில்தான் இருக்கிறேன். சம்பா அறுப்புக்கு மிஷின் வரும் வரும் என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

துப்பாக்கிக் கணக்கை விடு, முதலில் முழங்கால் கணக்கைப் பார். நமக்கு மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, 60 படி. மற்றபடி ஆற்றங்கரைதான் மேடு. அங்கே சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இமயமலை வரையாடு இருக்கிற இடத்துக்கு ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுவது சாதாரணம். முதுகில் கூடாரம், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் இருக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்று கிலோ துப்பாக்கி ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதன்மேல் குறிபார்க்கும் ஸ்கோப் 600 கிராம், சத்தம் குறைக்கும் சப்ரஸர் 400 கிராம், குழலுக்கு அடியில் முன்கால் தாங்கி, தோட்டா என்று ஏற்றினால் நாலரை கிலோ வந்துவிடும். மலைத் துப்பாக்கிக்கு அதுதான் மேல் வரம்பு என்பது என் அபிப்பிராயம்.

நீ பார்த்த போட்டி அனேகமாக எஃப் கிளாஸாக இருக்கும், படுத்துக்கொண்டு துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாகத் தொலைதூர இலக்கைச் சுடுவது. அதில் எஃப்-டிஆர் என்ற பிரிவில் ஸ்கோப், தாங்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோ வரை போகலாம், ஓப்பன் பிரிவில் 10 கிலோ வரை. போட்டிக்காரர்கள் அந்த வரம்பை ஒட்டியேதான் கட்டுவார்கள். அவர்களுக்குக் கனம் பாரமில்லை, துணை. ஒரே மூச்சில் பத்து, பதினைந்து குண்டு சுடவேண்டும். மெல்லிய குழல் சூடேறினால் குண்டு விழும் இடம் நகரும், அதனால் தடித்த குழல் வேண்டும். மலையில் நிலைமை நேர்மாறு. அரை நாள் ஏறி, குளிரில் காத்திருந்து, ஒரே ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. சூடான குழலில் பத்தாவது குண்டு எங்கே போகிறது என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. ஜில்லென்று இருக்கிற குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே, ஒரே துப்பாக்கி இரண்டையும் செய்யும், ஆனால் ஒன்றை மட்டும்தான் நன்றாகச் செய்யும். மலைக்கு ஏற்றதை வாங்கு. போட்டி ஆசைக்கு கிளப்புக்குப் போ. புதியவர்களுக்குத் துப்பாக்கி இரவல் தரும் கிளப்புகள் உண்டு.

இனி அந்த .300 மேக்னம். வேண்டாம். மோசமான தோட்டா என்று சொல்லவில்லை, 1963-லிருந்து பேர் வாங்கியதுதான். ஆனால் மூன்று கிலோ துப்பாக்கியில் அதைப் போட்டால் தோளில் உதைக்கிற உதை பழகாதவனுக்கு ஆகாது. ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுத் திரியில் நெருப்பு வைத்ததுமே கண்ணை இறுக்கிக்கொள்வோமே, அதேபோல விசையை அழுத்தும் முன்பே உடம்பு சுருங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. அதற்கு அப்புறம் எவ்வளவு சக்தி உள்ள தோட்டா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

உனக்குப் பொருத்தம் .308 வின்செஸ்டர், 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர், இந்த மூன்று தோட்டா வகைகளில் ஒன்று. .308 வந்தது 1952-ல். எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், குழலும் நெடுநாள் உழைக்கும். எஃப்-டிஆர் பிரிவில் .308-க்கும் .223-க்கும் மட்டும்தான் அனுமதி, அந்த ஆசை நிஜமாகவே பெரிசு என்றால் .308 எடு. 6.5 கிரீட்மோர் 2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. முதலில் இலக்குப் போட்டிக்காகச் செய்தது, பிறகுதான் வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உதை குறைவு, குண்டு நீளமாக ஒல்லியாக இருப்பதால் காற்று அதை அவ்வளவு தள்ளாது. என்னைக் கேட்டால் உனக்கு 6.5. வரையாடு, ஷாமி என்ற மலையாட்டு இனம், செம்மான் எல்லாவற்றுக்கும், நியாயமான தூரத்தில், அது போதும்.

ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்ஷன்தான் வாங்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்கு அப்புறம் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். ஃபின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா இரண்டும் அங்கே பரவலாகக் கிடைக்கும். எது தோளில் சரியாக உட்காருகிறதோ அதை எடு. குழல் 20 அங்குலம் போதும், முனையில் சப்ரஸர் மாட்டினால் நீண்டுவிடும், புதருக்குள் சிக்கும். அங்கே சப்ரஸர் சட்டப்படியே சாதாரணமாக விற்பனையாகிறது. காதுக்கும் நல்லது, உதையும் குறையும்.

துப்பாக்கியின் பின்பாகம், அதாவது தோளில் முட்டும் கட்டை, மரத்தில் இருந்தால் பார்க்க அழகுதான், நம் தஞ்சாவூர் வீட்டுத் தூண் மாதிரியே இருக்கும் என்று மயங்காதே. நமக்கு வருடத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே தென்தீவின் மேற்குக் கரையில் மில்ஃபோர்ட் சவுண்ட் பக்கம் வருடத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல். மரம் ஈரத்தில் ஊதி குழலில் உரசினால் குறி மாறிவிடும். கட்டை சிந்தெட்டிக், குழல் ஸ்டெயின்லெஸ், அவ்வளவுதான்.

ஸ்கோப்புக்குத் துப்பாக்கி விலைக்குச் சமமாகவே செலவு செய்யலாம். 3-15 மடங்கு போதும். 25 மடங்கு ஸ்கோப் ஒரு கிலோ இருக்கும், மலையில் கானல்தான் பெரிதாகத் தெரியும். குறியைத் திருகிச் சரிசெய்யும் கிளிக், மில் என்ற கோண அளவில் உள்ளதாகப் பார். 0.1 மில் என்றால் 100 மீட்டரில் ஒரு செ.மீ. மீட்டரில் வளர்ந்த நமக்குக் கணக்கு சுலபம். இன்னொன்று, பைனாகுலர் தனியாக வாங்கு. என்ன அசைகிறது என்று ஸ்கோப் வழியாகப் பார்க்கிற பழக்கம் கூடவே கூடாது, அசைவது மனிதனாக இருந்தால் நீ அவன்மேல் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறாய். அங்கே கற்றுத்தரும் ஏழு விதிகளில் இலக்கை ஐயமில்லாமல் அடையாளம் காண்பதும் ஒன்று. மானென்று நினைத்து சக வேட்டைக்காரரைச் சுட்ட விபத்துகள் அந்த நாட்டில் நடந்திருக்கின்றன.

தூரம் பற்றி. 100 மீட்டரில் சரியாகப் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த 6.5 கிரீட்மோர் 300 மீட்டரில் சுமார் 40 செ.மீ. கீழே விழும், 500 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல். விழுகிற கணக்கு பிரச்சினை இல்லை, தூரமானியும் போனும் சொல்லிவிடும். காற்றைத்தான் எந்தக் கருவியும் முழுசாகச் சொல்லாது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் 500 மீட்டரில் ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளிவிடும். நீ நிற்கிற இடத்தில் காற்று இருக்காது, நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசும். திறந்த வயல்வெளியில் காற்றைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசு. சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்று தூரமானி காட்டினால், 346 மீட்டருக்கு வைப்பது போலத்தான் குறி வைக்கவேண்டும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் அதேதான். இதை மறந்தால் குண்டு முதுகுக்கு மேலே போகும்.

ரேஞ்சில் மேசைமேல் மணல்மூட்டை வைத்து ஒரு அங்குலத்தில் ஐந்து குண்டு போட்டேன் என்பதெல்லாம் மலைக்குச் செல்லாது. முதுகுப்பையைத் தரையில் போட்டு, அதன்மேல் துப்பாக்கி வைத்துப் படுத்து, மூச்சு வாங்குகிறபோதே 15 செ.மீ. தட்டில் ஐந்துக்கு ஐந்து விழுகிற தூரம்தான் உன் தூரம். அது 200 மீட்டர் என்றால் 200தான். செங்குத்துப் பாறையில் காயத்தோடு ஓடுகிற பிராணியைப் பின்தொடர்ந்து போக முடியாது.

சுடுவது சரியா என்று ஊரில் கேட்பார்கள். நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர சொந்தமான நிலப் பாலூட்டியே கிடையாது. இமயமலை வரையாட்டை 1904-ல் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அதை அடித்துத் தின்ன எந்த மிருகமும் இல்லை, மலைச்செடிகளை மேய்ந்து அழிக்கிறது. அதனால்தான் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே வேட்டைக்கு இலவச அனுமதிச் சீட்டு தருகிறது. நம் நீலகிரி வரையாடு மாநில விலங்கு, கோடியக்கரை வெளிமானைத் தொட்டாலே ஜெயில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் வீட்டில் சொல்லிவை.

துப்பாக்கிக்கு முன்னால் லைசென்ஸ். பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். கூட வசிக்கும் மனைவியிடமும் தனியாகப் பேசுவார்கள். 2023 ஜூனிலிருந்து துப்பாக்கிப் பதிவேடும் வந்துவிட்டது, வாங்குவதை அதில் பதியவேண்டும். சட்டம் அவ்வப்போது மாறும், துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தையே பார். லைசென்ஸ் வருவதற்குள் அனுபவம் வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்க, அவர் துப்பாக்கியில் சுடலாம்.

கேள்வி: அண்ணே, வாடகை வீடு. இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கே வைப்பது?

பதில்: இரும்புப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கவேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார். ஆகவே வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. மறுத்தால் துப்பாக்கி யோசனையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிப்போடு. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டு. சாவி எங்கே என்பது மனைவிக்கும் தெரியக்கூடாது, அவர் பேரில் லைசென்ஸ் இல்லாதவரை.

கேள்வி: பொங்கலுக்கு ஊர் வரும்போது கொம்பு ஒன்று அப்பாவுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. இமயமலை வரையாடு இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டைக்குக் கொண்டுபோன பையையும் ஊருக்கு எடுத்து வராதே. ஏதோ ஒரு மூலைப் பையில் ஒற்றைத் தோட்டா கிடந்து, திருச்சி விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. லீவு முழுக்க வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கவேண்டியிருக்கும். அப்பாவுக்கு போட்டோ காட்டு, போதும்.