வாய்க்கால் பாலத்தில் உரசுகிறது: டபுள் ஸ்டாண்டைக் கழற்றிவிடலாமா?

டிஎன்50_கோரையாறு
நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து தெற்கே, கோரையாற்றங்கரையில் எங்கள் ஊர். வண்டி 2014-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போவதற்குள் மூன்று வாய்க்கால் பாலங்கள். மூன்றுமே நடுவில் கூன் போட்டவை. மனைவி பின்னால் உட்கார, முன்னால் யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு ஏறினால் உச்சியில் டபுள் ஸ்டாண்ட் சிமெண்டில் இழுக்கிறது. போன வாரம் நடுப் பாலத்தில் மாட்டி வண்டி நின்றே விட்டது. இரண்டு காலையும் ஊன்றிச் சமாளித்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வாய்க்காலுக்குள்தான். கைப்பிடிச் சுவர் கிடையாது.

ஸ்டாண்டைக் கழற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சைடு ஸ்டாண்ட் ஒன்று போதாதா? கழற்றியவர்கள், கழற்றாதவர்கள் இருவரும் சொல்லுங்கள்.

டிஎன்49_கரைரோடு
யோசிக்கவே வேண்டாம், கழற்றுங்கள். கேடிஎம் டியூக், ஆர்15 எல்லாம் கடையிலிருந்து வரும்போதே டபுள் ஸ்டாண்ட் இல்லாமல்தான் வருகின்றன. அவையும் நம் ரோட்டில்தான் ஓடுகின்றன. நான் கழற்றி நாலு வருடம் ஆகிறது. வளைவில் சாய்க்கும்போது தரையில் படுமோ என்ற பயம் போனது. ஸ்டாண்டுக்குள் சேறு அடைத்துக்கொள்வதும் இல்லை. இரண்டு மூன்று கிலோ இரும்பை எதற்காகச் சும்மா சுமக்க வேண்டும்?

எனக்கு இதில் கோபமும் உண்டு. முன்பு ஒருமுறை ஓடும்போதே ஸ்பிரிங் அறுந்து ஸ்டாண்ட் தொங்கிவிட்டது. வேகத்தடையில் அது குத்தி, பின் சக்கரம் தூக்கி, வண்டியோடு விழுந்தேன். முழங்கை எலும்பு விலகி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அன்றோடு அந்தப் பொருளின் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

சம்பா_தாளடி
தம்பி தஞ்சாவூர்ப் பக்கம் தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்துகிறவர் போல. எங்கள் பக்கம் வந்து ஐப்பசி, கார்த்திகையில் களத்து ஓரம் சைடு ஸ்டாண்ட் போட்டுப் பாருங்கள். இது களிமண். நாற்றங்காலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த ஒற்றைக் கால் மண்ணுக்குள் இறங்கி வண்டி படுத்திருக்கும். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து வரப்பில் கிடக்கும். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. வெயில் காலத்தில் தார் இளகினாலும் இதே கதைதான்.

இன்னொன்று மூட்டை. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை (சிப்பம்) 40 கிலோ. ஒற்றை ஆளாக அதைச் சீட்டில் ஏற்ற வேண்டுமென்றால் வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியில் ஏற்றினால் கனம் முழுவதும் அந்த ஒற்றைக் காலில் இறங்கும். ஸ்டாண்ட் வளையும், இல்லையென்றால் சேசிஸில் அதைப் பிடித்திருக்கிற காது பிய்யும். எங்கள் தெருவிலேயே வெல்டிங் வைத்த வண்டிகள் நிற்கின்றன.

டிஎன்49_கரைரோடு
ஐயா, வழி இல்லாமல் இல்லை. சைடு ஸ்டாண்டின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு வெல்டு வைத்திருக்கிறேன். சேற்றில் அவ்வளவாக இறங்காது. சீட்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டும் வைத்திருக்கிறேன். அப்புறம், டபுள் ஸ்டாண்டும் ஈர மண்ணில் ஒரு கால் இறங்கினால் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். அது சாய்ந்தால் பிடிக்கவும் முடியாது. மூட்டை விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறை_மன்னை
மன்னார்குடியில் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இதில் ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. நீடாமங்கலத்துத் தம்பியின் வண்டி வாங்கிய புதிதில் இந்தப் பாலங்களில் உரசியதா? உரசவில்லை என்றால் பாலம் உயரவில்லை, ஸ்டாண்ட் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது ஏன் இறங்கியது என்று பார்க்காமல் கழற்றினால், நாளைக்கு அந்த இடத்தில் சைலன்சரோ எஞ்சின் அடிப்பாகமோ உரசும்.

ஸ்டாண்டை மடக்கினால் அது ஒரு ரப்பர் கட்டையில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்த ரப்பர் தேய்ந்தோ விழுந்தோ போனால் நிற்கிற உயரமே மாறிவிடும், பள்ளத்தில் டக் டக் என்று சத்தமும் வரும். அடுத்து ஸ்பிரிங். வண்டியில் உட்கார்ந்தபடியே குதிகாலால் ஸ்டாண்டைக் கீழே தள்ளி விடுங்கள். சுருக்கென்று மேலே ஏற வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் ஸ்பிரிங்கையும் மாற்றி, உள்ளே புஷ்ஷுக்குக் கிரீஸும் வைக்க வேண்டும். டிஎன்49 தம்பி விழுந்தது வருத்தமான விஷயம்தான். ஆனால் ஸ்பிரிங் சும்மா திடீரென்று அறுவது அபூர்வம். கொக்கி மாட்டுகிற இடத்தில் துரு ஏறி, மெலிந்து, அப்புறம்தான் அறும். சர்வீஸுக்கு விடும்போது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் இருக்கிற குறை அது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது பின் ஷாக் அப்சார்பர். சுமைக்கு ஏற்ப அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்பிளெண்டரில் ஐந்து படி உண்டு. பெரும்பாலான வண்டிகள் வாங்கிய நாளிலிருந்து ஒரே படியில்தான் நிற்கும். பின்னால் ஆள் ஏறினால் அதைக் கூட்ட வேண்டும். எடைக்கணக்கையும் பாருங்கள். நீங்களும் உங்கள் வீட்டாரும் சேர்ந்தே ஏறத்தாழ 130 கிலோ வருவீர்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற அதிகபட்சச் சுமையே அவ்வளவுதான். அதற்கு மேல் யூரியா மூட்டை 45 கிலோ. 112 கிலோ வண்டியின் மேல் 175 கிலோ. உரசாமல் என்ன செய்யும்?

கழற்றுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் டியூப் டயர் வண்டிக்கு அது வேண்டும். ராத்திரி கோட்டூர் ரோட்டில் பஞ்சர் என்றால் பின் சக்கரத்தை எதில் தூக்குவீர்கள்? ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குக் கல்லையும் கட்டையையும் முட்டுக் கொடுத்துத்தான் நாங்களே வேலை பார்க்கிறோம். செயின் தொய்வு பார்க்க, எண்ணெய் விட, சக்கரத்தைச் சுற்றி விட்டு ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் அளவையும் வண்டி நேராக நின்றால்தான் சரியாகப் பார்க்க முடியும். சாய்ந்து நின்றால் குச்சி காட்டுவது பொய்.

பூண்டி_செவிலி
அண்ணே, நீங்கள் எல்லோரும் ஸ்டாண்ட் போட முடிகிறவர்களாகவே பேசுகிறீர்கள். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசி நாளில் வீட்டுக்காரரின் பைக்கைத்தான் எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு வருடத்துக்கு முன் அங்கன்வாடி வாசலில் டபுள் ஸ்டாண்ட் போடும்போது பாதி ஏறிய வண்டி திரும்பி என் கால் மேல் விழுந்தது. முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இன்றும் மாடிப்படி ஏறினால் வலிக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் “டபுள் ஸ்டாண்ட் போடும்மா” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு அது வேண்டாத கனம். கழற்றச் சொல்லலாமா?

டிஎன்68_மாமாங்கம்
கும்பகோணத்தில் வண்டி நிறுத்துமிடம் நடத்துகிறேன். ரயிலுக்குப் போகிற கூட்டத்தில் எங்களுக்கு ஒவ்வொரு சாணும் கணக்கு. டபுள் ஸ்டாண்ட் போட்ட வண்டிகள் கைப்பிடியோடு கைப்பிடி ஒட்டி நிற்கும். சைடு ஸ்டாண்ட் வண்டி ஒன்றரை இடம் பிடிக்கும். ஒன்று சரிந்தால் வரிசையே சரியும். 2016 மகாமகத்தின்போது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2028-இல் அடுத்தது வருகிறது. வாடிக்கையாளரிடம் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கழற்றினால் போலீஸ் ஃபைன் போடுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு ஆர்சியில் இருக்கிற விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கால் மிதி, சேலைத் தடுப்பு மூன்றும் 123-ஆவது விதியில் இருக்கின்றன. ஸ்டாண்டைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது. ஸ்டாண்டோடு சேர்த்துச் சேலைத் தடுப்பையும் கழற்றிப் போடுகிறார்களே, அதுதான் தப்பு.

பட்டறை_மன்னை
செவிலி அம்மா, உங்கள் நிலைமையில் கழற்றுவதுதான் சரி. முழங்கால் அடிபட்டவரை அதை மிதிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

மற்றவர்களுக்காக ஒன்று. பலர் வண்டியைத் தூக்கப் பார்க்கிறார்கள். அது தூக்குகிற வேலை இல்லை, மிதிக்கிற வேலை. இடது பக்கம் நின்று, இடது கையால் ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, வலது கையால் பின் கைப்பிடியைப் பிடியுங்கள். வலது காலால் ஸ்டாண்டின் மிதி நாக்கை மெதுவாக அழுத்தினால் ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் தொடுவது தெரியும். ஒன்று மட்டும் தொட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டும் தொட்ட பிறகு உடம்புக் கனம் மொத்தத்தையும் மிதிக்கிற வலது காலில் இறக்கினால் வண்டி தானாகப் பின்னால் ஏறும். ஸ்டாண்டின் ஒரு கால் தொடாமலே மிதிப்பதால்தான் பாதியில் திரும்பி விழுகிறது. அங்கன்வாடி வாசலில் உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும், தரை சமமாக இருந்திருக்காது.

கழற்றும்போது கவனம்: சில வண்டிகளில் பிரேக் பெடலும் ஸ்டாண்ட் மாட்டியிருக்கிற அதே குழாயில்தான் சுழலும். ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் குழாயையும் வாஷரையும் சரியாகத் திரும்பப் போடாவிட்டால் பெடல் ஆடும். வீட்டில் நீங்களே கழற்றாதீர்கள்.

டிஎன்50_கோரையாறு
பார்த்துவிட்டு வந்தேன். ரப்பர் கட்டை இருந்த இடமே காலி. ஸ்டாண்ட் இரண்டு விரற்கடை கீழே தொங்கியது. ஷாக் முதல் படியில், துரு பிடித்து நகராமல் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து மூன்றாம் படிக்குக் கொண்டுவந்தோம். ரப்பர், ஸ்பிரிங் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று.

மனைவியோடு போனேன். மூன்று பாலத்திலும் உரசவில்லை. மூட்டையையும் வைத்துப் போனால் நடுப் பாலத்தில் மட்டும் லேசாகத் தொடுகிறது. இனி மூட்டைக்குத் தனி நடை. ஸ்டாண்ட் இருக்கட்டும். எடைக்கணக்கைச் சொன்ன பிறகு மனைவி நான் கேட்காமலே இறங்கிப் பாலத்தை நடந்து கடக்கிறார். அதுவும் எனக்கு நன்றாகப் படவில்லை.

டிஎன்49_கரைரோடு
நல்லது அண்ணே. நான் என் வண்டியில் திரும்பப் போட மாட்டேன். ஆனால் கழற்று என்று முதல் வரியிலேயே உங்களிடம் சொன்னது அவசரம்தான். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கைப்பிடிச் சுவர் இல்லாத பாலத்தில் சைலன்சர் மாட்டியிருந்தால்?

சம்பா_தாளடி
தம்பி, அந்தத் தகட்டின் அளவைச் சொல்லுங்கள். என் வண்டியில் இரண்டு ஸ்டாண்டும் இருக்கும், சைடுக்குத் தகடும் இருக்கட்டும்.

டிஎன்49_கரைரோடு
நாலு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் ஐயா. கனமான தகடாகப் பார்த்து வாங்குங்கள், மூலைகளை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடக்கும்போது காலைக் கீறும்.

பூண்டி_செவிலி
ஞாயிற்றுக்கிழமை கழற்றியாயிற்று. எங்கள் வண்டியிலும் பெடல் அந்தக் குழாயில்தான் இருந்தது. மெக்கானிக்கிடம் முதலிலேயே சொன்னதால் சரியாகப் போட்டுக் கொடுத்தார். கழற்றிய ஸ்டாண்டை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம், வீட்டுக்காரருக்கு மூட்டை ஏற்ற வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வார். எனக்கும் ஒரு தகடு வெல்டு வைக்க வேண்டும்.